அசேலியா மஞ்சளாகிப் போனது. அதே பாத்தியில் ப்ளூபெர்ரியும் வைக்கலாமா?

வாசல்செடி: வணக்கம். சுவரை ஒட்டி ஒரு பாத்தி இருக்கிறது. போன வருஷம் அதில் இரண்டு அசேலியா பூச்செடி வைத்தேன். மூன்றே மாதத்தில் கொழுந்திலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரம் போடப் போட இன்னும் மோசமானது. ஒன்று காய்ந்தே போனது, மனசே விட்டுப்போச்சு. என் பெண்ணுக்கு நாலு வயசு, அவள் பறித்துச் சாப்பிட ப்ளூபெர்ரியும் வைக்க ஆசை. எந்த ரகம் வாங்கலாம்?

மண்கை: ரகத்தை அப்புறம் பார்ப்போம். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் செடிக்கு இரும்புச்சத்து சேரவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், பி.எச். (மண்ணின் அமில, கார அளவு; எண் குறைந்தால் அமிலம்) ஏறிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. அசேலியாவும் ப்ளூபெர்ரியும் ஒரே குடும்பம், அமில மண்ணில் வாழ்பவை. ப்ளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். அசேலியா 6 வரை தாங்கும். சுவர் சிமென்ட் பூச்சா? என்ன தண்ணீர், என்ன உரம்?

வாசல்செடி: சிமென்ட் பூச்சுதான். குழாய்த் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். உரம் என்று அடுப்புச் சாம்பலும் எலும்புத் தூளும் போட்டேன். நீங்கள் கேட்டதும் பி.எச். பார்த்தேன்: சுவரோரம் 7.6, இரண்டு மீட்டர் தள்ளி 6.1.

மண்கை: அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. சாம்பல் சுண்ணாம்பு போட்ட மாதிரி. சிமென்ட்டிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். வெள்ளையாகப் படியும் கடினத் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொண்டது. சுவரோரத்தை விட்டுவிடுங்கள், அதோடு போராடுவது வீண். 6.1 இருக்கும் இடத்தில் கந்தகத் தூளைக் கலந்து விடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அதை அமிலமாக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு நடுங்கள். வினிகர் ஊற்றச் சொல்வார்கள், அது சில நாளைக்குத்தான். பொறுக்க முடியாது என்றால் பெரிய தொட்டியில் பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) பைன் மரப்பட்டையும் கலந்து ப்ளூபெர்ரியை இப்போதே வைக்கலாம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது.

பனிக்காலம்: ரகத்துக்கு வருகிறேன். ப்ளூபெர்ரி பூக்க குளிர் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. உங்கள் பக்கம் எப்படி?

வாசல்செடி: ஒன்றரை மாதம். இரவில் எட்டு மணி நேரம் போல அந்தக் குளிர் இருக்கும்.

பனிக்காலம்: 45 இரவு, எட்டு மணி நேரம்: 360. அப்படியானால் 'ப்ளூகிராப்' வேண்டாம், அதற்கு 800 மணி நேரம் போல வேண்டும். படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களிடம் காய்க்காது. குறைந்த குளிரில் காய்க்கும் சதர்ன் ஹைபுஷ் வகை பாருங்கள்: 'மிஸ்டி', 'சன்ஷைன் ப்ளூ'. இரண்டாவது ஒரு மீட்டர் உயரம்தான் வரும், தொட்டிக்கு ஏற்றது, குழந்தைக்கும் கை எட்டும். இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தால் பழம் பெருக்கும். முதல் வருஷம் பூவைக் கிள்ளிவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் வேர் பிடிக்கும். அசேலியாவில் இலை உதிராத வகையே உங்கள் குளிருக்குப் போதும்.

ஒன்று முக்கியம். அசேலியாவின் இலை, பூ, தேன் எல்லாமே விஷம். நாலு வயசுக் குழந்தை பறித்துத் தின்னும் செடிக்குப் பக்கத்திலேயே அதை வைக்காதீர்கள். வெயிலும் இரண்டுக்கும் வேறு: ப்ளூபெர்ரிக்கு ஆறு மணி நேர வெயில், அசேலியாவுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும்.

வாசல்செடி: விஷம் என்று தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. ப்ளூபெர்ரியைத் தொட்டியில் வெயில் பக்கம் வைக்கிறேன். மிச்சமிருக்கும் ஒரு அசேலியாவைப் பிடுங்கி மாற்றினால் பிழைக்குமா?

மண்கை: பிழைக்கும். வேர் மேலாகத்தான் ஓடும், அகலமாகத் தோண்டி மண்ணோடு எடுங்கள். குளிர்ந்த நாளாகப் பாருங்கள். புதுக் குழியில் பழைய மட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தியே வையுங்கள். ஆழத்தில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். மேலே பைன் பட்டை மூடாக்கு, தண்டை ஒட்டாமல். கத்தரிக்க வேண்டுமென்றால் பூ முடிந்த உடனே. கோடையில் அடுத்த வருஷ மொட்டு கட்டிவிடும். கொழுந்து பச்சையாக வந்ததும் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.