எதிர்பார்ப்பை உடைத்த படமா, பார்வையாளரைக் கைவிட்ட படமா? ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) குறித்து

மாலைக்காட்சி:
செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வெளிவந்தபோது அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பலர். இன்று அதே படத்தைக் காலத்துக்கு முந்திய படைப்பு என்று கொண்டாடுகிறார்கள். என் கருத்து மட்டும் அன்றிலிருந்து மாறவில்லை. பண்டிகை நாளில் தஞ்சாவூரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு காணும் ஆண்டு அது. சோழர் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் நிமிர்ந்து உட்கார்ந்த காலம். நடராசரின் நிழல் நகர நகர அதற்குள்ளேயே ஓடிப் புதைமணலைக் கடக்கும் காட்சியில் அரங்கம் அதிர்ந்தது. இரண்டாம் பாதியில் பசியால் ஒடுங்கிய, சோழர் வழிவந்த மக்களும், தாய்நிலத்திலிருந்து தூதன் வருவான் என்று காத்திருக்கும் ஓர் அரசனும் திரையில் வந்தபோது அந்த ஆரவாரம் முழுவதும் அடங்கிவிட்டது. புதையல் தேடும் சாகசக் கதை என்று கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஒருவர் பாதி வழியில் கையை உதறிவிட்டுப் போனதாகவே உணர்ந்தேன். எதிர்பார்ப்பை உடைப்பதையே ஒரு தகுதியாகக் கருதுவது எனக்கு உடன்பாடில்லை.

கடைசிவரிசை:
நண்பரே, அந்தக் கை யாருடையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். படம் தொடங்குவதே 1279ஆம் ஆண்டில், பாண்டியரிடம் சோழர் வீழும் நேரத்தில்தான். வாரிசையாவது காப்பாற்ற வேண்டும் என்று இளவரசனைக் கடல் கடந்து அனுப்பிவைக்கிறார்கள். தோற்றுப்போன ஒரு குலத்தின் கதை இது என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்ட படத்தின் மீது, சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று எப்படிக் குற்றம் சாட்ட முடியும்? யானைப்படையும் புலிக்கொடியும் வேண்டும் என்ற ஆசையை நீங்கள்தான் தஞ்சாவூரிலிருந்து அரங்கத்துக்குள் எடுத்துச் சென்றீர்கள். இயக்குநர் அதைத் தருவதாக எங்கும் கூறவில்லை.

மாலைக்காட்சி:
சில நிமிட முன்கதையை வைத்து அதன்பின் வரும் ஒன்றரை மணி நேரத்தை மறுத்துவிட முடியாது. எதிர்பார்ப்பை நேர்மையாக உடைத்த படம் எதுவென்று கேட்டால், 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ என்பேன். பாட்டில்லாமல் தமிழ்ப் படம் கிடையாது என்றிருந்த காலத்தில் அதில் ஒரு பாட்டுகூட இல்லை. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், சிவாஜி கணேசன் அதில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக நடித்தார். தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்தும் போகிறார். இது வேறு வகைப் படம் என்பது அந்தத் துப்பாக்கி வெடிக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அண்டை வீட்டுக்காரர், தம்பி, மனைவி என்று ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டுக் கொலையாளியைத் தேடுகிறோமே தவிர, ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்திலோ சுமைதூக்கும் முத்துவாக வரும் கார்த்தி முதல் பாதி முழுவதும் பாடியும் ஆடியும் நகைச்சுவை செய்தும் நம் மனத்தில் இடம் பிடித்துவிடுகிறார். அப்படிப்பட்டவரை இரண்டாம் பாதியில் வெறும் பார்வையாளராக ஒதுக்கிவிட்டு, பார்த்திபனின் அரசனிடம் படத்தை ஒப்படைத்தது கதைக்கட்டின் பிழை.

கடைசிவரிசை:
நீங்கள் காட்டிய சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அவ்வளவு நேர்மையாகத் தொடங்கிய ‘அந்த நாள்’ அன்றைக்கு வசூலில் தோற்றது. பாட்டில்லை என்பதையே பலர் குறையாகக் கண்டார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார் என்ற உங்கள் அளவுகோல் அந்தப் படத்துக்கே பொருந்தவில்லை. முத்து ஒதுங்கி நிற்பதையும் நான் பிழையாகக் கருதவில்லை. 1965இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ அடிமைப்பட்டவர்களை விடுதலைக்கு அழைத்துச் சென்ற வீரனின் கதை. அதே பெயரைத் தாங்கிய இந்தப் படத்தில், வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த மக்களுக்கு முன்னால் வந்து நிற்பவனால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு குழந்தையை மட்டுமே தூக்கிக்கொண்டு போக முடிகிறது. அந்த இயலாமைதான் படம். ஊருக்குள் நுழைந்ததும் வரும் பகுதி குழப்பமாக இருப்பதையும், வரைகலைக் காட்சிகள் பல இடங்களில் கைகொடுக்காததையும் நான் மறுக்கவில்லை.

பனைநிழல்:
யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் இலங்கையில் இறுதிப் போர் முடிந்து எட்டு மாதத்தில் இந்தப் படத்தைப் பார்த்தோம். நவீன ஆயுதங்களோடு படை வந்து இறங்குவதையும், கைதான பெண்களுக்கு நடப்பதையும், ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டையும் எங்களால் வெறும் கற்பனையாகப் பார்க்க முடியவில்லை. சாகசப் படம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். அது சாகசப் படமாகவே முடிந்திருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பேன்.

மாலைக்காட்சி:
உங்கள் துயரத்தை மதிக்கிறேன், ஐயா. ஆனால் படப்பிடிப்பு 2007இலேயே தொடங்கிவிட்டது. இறுதிப் போருக்கு முன்பே எழுதப்பட்ட கதைக்கு நீங்கள் உங்கள் வாழ்விலிருந்து பொருள் கொடுத்திருக்கிறீர்கள். அது படத்தின் சாதனை ஆகாது.

பனைநிழல்:
நான் என் இழப்பைக் கொண்டு சென்றேன், நீங்கள் உங்கள் ஊரின் பெருமிதத்தைக் கொண்டு சென்றீர்கள். நான் கொண்டு சென்றது வெளியிலிருந்து வந்தது என்றால், உங்கள் ஏமாற்றமும் வெளியிலிருந்து வந்ததுதானே?

மாலைக்காட்சி:
அது நியாயமான கேள்வி. என் ஏமாற்றத்தில் ஒரு பகுதி தஞ்சாவூருக்குரியது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அரசனும் மக்களும் பேசும் பழந்தமிழ் பாதிக்குமேல் எனக்குப் புரியாமல் போனதற்கு ஊர்ப்பெருமை காரணமாகாது. அவர்களுக்காக அழ வேண்டிய இடத்தில் சொற்களைப் பிரித்துப் பொருள் தேடிக்கொண்டிருந்தேன். 2020 இறுதியில் படம் மீண்டும் அரங்குகளுக்கு வந்தபோது ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள் என்பதைச் சிலர் சான்றாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாம் பாதியில் என்ன வரும் என்பது முன்பே தெரியும். அதற்காகவே போனவர்கள் அவர்கள். எதிர்பார்ப்பு உடைந்தபோது படம் தாங்கியதா என்ற கேள்விக்கு அந்தக் கைதட்டல் விடையாகாது.

கடைசிவரிசை:
அப்படியானால் முதன்முறை பார்த்த ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். படத்தைப் பற்றி எதுவும் அறியாத என் அக்காள் மகள், பதினான்கு வயதில், தொலைக்காட்சியில் இதைப் பார்த்தாள். பழந்தமிழ் அவளுக்கும் புரியவில்லை. மூன்று இடங்களில் என்னிடம் பொருள் கேட்டாள். அரசன் இறந்த பிறகு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை, அந்தக் குழந்தையை முத்து எந்த ஊருக்குக் கொண்டு போயிருப்பான் என்று மட்டும் கேட்டாள்.