விளிம்பு தெரிந்தும் கால் வைத்தாள்

என் மகள் 10 மாதத்தில் கட்டிலிலிருந்து இறங்கக் கற்றுக்கொண்டாள். விளிம்பு வரை தவழ்ந்து வருவாள். ஒரு கையை நீட்டிக் காற்றைத் துழாவுவாள். பிறகு திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு இறங்குவாள். இனி விழமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். 13ஆம் மாதம் நடக்கத் தொடங்கினாள். மூன்றாம் நாளே அதே கட்டிலில் எழுந்து நின்று, விளிம்பைப் பார்த்துக்கொண்டே வெறுங்காற்றில் கால் வைத்தாள். சட்டையைப் பற்றி இழுத்துவிட்டேன். கற்றதை எப்படி மறந்தாள் என்று அன்று இரவெல்லாம் தூக்கமில்லை.

அவள் மறக்கவில்லை என்பது தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. 1960இல் உளவியலாளர்கள் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தடித்த கண்ணாடியின் ஒரு பாதிக்கு அடியில் ஒட்டினாற்போல் தரை, மறுபாதிக்கு அடியில் பள்ளம். 6 முதல் 14 மாதம் வரையிலான 36 குழந்தைகளில் இடத்தைவிட்டு நகர்ந்தவர்கள் 27 பேர்; அவர்களில் 3 பேர்தான் பள்ளத்தின் மேல் தவழ்ந்தார்கள். ஆக, தவழும் குழந்தையின் கண்ணுக்கு ஆழம் தெரிகிறது. அந்த ஆழத்தைத் தன் உடல் தாங்குமா என்பது வேறு அறிவு. தவழ்ந்து சேர்த்த அந்த அறிவு நடைக்குக் கைகொடுப்பதில்லை என்று உளவியலாளர் கேரன் அடால்ஃப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நின்றால் கண்ணின் உயரம் மாறுகிறது, உடலின் சமநிலை மாறுகிறது. மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும். தயவுசெய்து, நடை பழகும் அந்த வாரங்களில் "அவனுக்குத்தான் தெரியுமே" என்று விட்டுவிடாதீர்கள்.

---

உங்கள் மகளைப் பற்றிப் படித்ததும் என் பேரன் நினைவுக்கு வந்தான். 20 மாதம் இருக்கும். உள்ளங்கையளவு பொம்மைக் காரின் கதவைத் திறந்து உள்ளே ஏறப் பார்த்தான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம்; அவன் தேம்பி அழுதான். விளையாட்டுக்குச் செய்யவில்லை, உண்மையாகவே முயன்றிருக்கிறான். உளவியலாளர் ஜூடி டெலோச் குழுவினர் 2004இல் இதை விவரித்திருக்கிறார்கள்; 18 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் காணப்படுவதுதானாம். என்னை வியக்கவைத்தது வேறொன்று. கார் என்று கண்டதும் ஏற வேண்டும் என்று தோன்றிய மனத்துக்கு அதன் அளவு எட்டவில்லை. காலுக்கோ எட்டியிருந்தது: பெருவிரலைக் குறிதவறாமல் அந்தச் சின்னக் கதவுக்குள்தான் நுழைத்தான்.

---

என் மகன் தண்ணீர் ஊற்றினால் குவளைக்கு வெளியே சிந்தும். படியிறங்கும்போது தயங்கித் தயங்கிக் கால் வைப்பான். கவனக்குறைவு என்று கடிந்துகொண்டே இருந்தேன். 4 வயதில் பரிசோதித்த கண் மருத்துவர், ஒரு கண்ணில் பார்வை வளரவே இல்லை என்றார். சோம்பல் கண். வெளியே பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. அவனும் ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை; பிறந்ததிலிருந்து அவன் கண்ட உலகம் அதுதான். நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி, மற்றதற்கு வேலை கொடுத்தோம், கண்ணாடியும் போட்டோம். சிறு வயதிலேயே தொடங்கினால் பலன் கூடும் என்பதால், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். இப்போது அவன் என் குவளையையும் சேர்த்து நிரப்புகிறான்.