தாய்மார் வேலைக்குப் போவது பற்றிய உரைகள்: ஒத்தாசைச் சங்க வகுப்பில் மனஸ்தாபம் வராமல் பேசுவது எப்படி?

காட்பாடி சகோதரி:
பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (ஊரில் மார்மன் சபை என்பார்கள்) இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். இரண்டாம் ஞாயிறு ஒத்தாசைச் சங்க (சபைப் பெண்களின் சங்கம்) வகுப்பு என் பொறுப்பு. 2025 அக்டோபரில் நடந்த சபையின் பொது மாநாட்டில், இப்போதைய சபைத் தலைவர் டாலின் எச். ஓக்ஸ் குடும்பம் பற்றிப் பேசிய உரைதான் பாடம். வருகிறவர்களில் பலர் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற தாய்மார். குடும்பம் என்று தலைப்பு வந்தாலே மூத்தவர்களில் யாராவது, "தாய் வீட்டில்தான் இருக்கணும்னு தீர்க்கதரிசியே சொல்லியாச்சு" என்று ஆரம்பிக்கிறார்கள். சிலர் ஆமோதிக்கிறார்கள், சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்படி எங்கே, எப்போது சொல்லப்பட்டது? வகுப்பை எப்படிக் கொண்டுபோவது?

பாலாற்றங்கரை:
சகோதரி, அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும், அப்போது சபைத் தலைவராக (தலைவரைத்தான் தீர்க்கதரிசி என்கிறோம்) இருந்த எஸ்ரா டாஃப்ட் பென்சன் 1987 பிப்ரவரி 22 அன்று தாய்மாருக்காகப் பேசியது. அது பொது மாநாட்டு உரை அல்ல. பெற்றோருக்கென்று நடந்த தனிக்கூட்டத்தில் பேசியது, பிறகு சிறுபுத்தகமாக வீடு வீடாகப் போனது. தாய்மார் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் நேராகவே சொன்னார். விதவைகள், விவாகரத்தானவர்களின் நிலை வேறு என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அதே வருஷம் அக்டோபரில் தகப்பன்மாருக்கும் தனியாக ஓர் உரை கொடுத்தார். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் கடமையை அவர்கள் தலையில் வைத்தார். புருஷன் சம்பளம் டாஸ்மாக்கில் கரைகிற வீட்டில் முதல் உரையை மட்டும் வாசித்துக் காட்டுவது நியாயமே இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அடுத்து 1995 செப்டம்பர் 23 அன்று அன்றைய தலைவர் கார்டன் பி. ஹிங்க்லி வாசித்த, குடும்பம் பற்றிய சபையின் பிரகடனம். பிள்ளைகளைப் பேணி வளர்ப்பது முதன்மையாகத் தாயின் பொறுப்பு என்று சொல்லும் அதே பத்தியில், இருவரும் சமமான துணைகளாக ஒருவருக்கொருவர் உதவக் கடமைப்பட்டவர்கள், ஊனமோ மரணமோ வேறு சூழ்நிலையோ வந்தால் அவரவர் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றும் வருகிறது. அந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். ஞாபகத்திலிருந்து பேசும்போதுதான் வார்த்தை தடிக்கிறது. தாள் கையில் இருந்தால் பாதிச் சண்டை வராது.

ஆரணி அக்கா:
பாலாற்றங்கரை சொன்னது சரிதான், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. தலைவர் பேச்சைக் கேட்டு டீச்சர் வேலையையோ நர்ஸ் வேலையையோ விட்ட அம்மாக்களும் அந்த அறையில் இருப்பார்கள். இப்போது ஒத்தாசைச் சங்கத்தின் பொதுத் தலைவி கமில் ஜான்சன் மூன்று பிள்ளைகளுக்குத் தாய், பல வருஷம் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1990 முதல் 1997 வரை அதே சங்கத்தின் பொதுத் தலைமையில் இருந்த சியேகோ ஒகாசாகி பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வேலைக்குப் போகிற சகோதரிக்கு இதைக் கேட்டால் தெம்பு. வேலையை விட்ட அம்மாவுக்கோ, "அப்போ நாங்க விட்டது எதுக்கு?" என்று வயிறு எரியும். இரண்டுமே உண்மையான வலி. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அடக்கப் பார்க்காதீர்கள். "பெரியம்மா, நீங்க கீழ்ப்படிஞ்சு செஞ்சது வீண் இல்லை" என்று வகுப்பிலேயே, எல்லார் முன்னாலும், முதலில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலும் இருக்கிறார்கள், வேலையும் செய்கிறார்கள். ஊசி குத்திய விரலோடு ராத்திரி வரை தைக்கிற தாயை எந்தக் கட்சியில் சேர்ப்பது? இந்தக் கேள்வியை வகுப்பில் வையுங்கள்.

சத்துவாச்சாரி மூப்பர்:
எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. இருவரும் சொன்னதைப் பார்த்தால் 1987 உரையையே ஓரமாக வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. அதன் பின்பாதியில் பிள்ளைகளோடு நேரம் செலவிட 10 யோசனைகள் இருக்கின்றன. பிள்ளை போகும்போதும் வரும்போதும் வீட்டில் இருப்பது, உண்மையான தோழியாக இருப்பது, வாசித்துக் காட்டுவது, சேர்ந்து ஜெபிப்பது, வாரம் ஒரு சாயங்காலத்தைக் குடும்பத்துக்கென்று ஒதுக்குவது, ஒன்றாகச் சாப்பிடுவது, தினமும் வேதம் வாசிப்பது, குடும்பமாகச் சேர்ந்து காரியங்கள் செய்வது, கற்றுக்கொடுப்பது, மனதார நேசிப்பது. கம்பெனி பஸ் பிடிக்கிற தாய்க்கு முதலாவது கஷ்டம். மற்ற ஒன்பதும் அவள் கைக்கு எட்டியவை. வகுப்பு 50 நிமிஷம் என்றால் 20 நிமிஷத்தை இதற்கே கொடுங்கள். ஆளுக்கு ஒரு யோசனை எடுத்து, தன் வீட்டில் எந்த நேரத்தில் முடியும் என்று சொல்லட்டும்.

ஓக்ஸ் உரையில் ஓர் இடத்தைக் கட்டாயம் நிறுத்தி வாசியுங்கள். ஏழு வயதில் தகப்பனை இழந்ததை அதில் சொல்கிறார். அவருடைய தாய் ஸ்டெல்லா ஓக்ஸ் வேலை பார்த்தே பிள்ளைகளை வளர்த்த விதவை, பிராவோ நகர மன்றத்திலும் இருந்தவர். அப்படி வளர்ந்தவர்தான் இன்று சபையின் தலைவர்.

காட்பாடி சகோதரி:
மூவருக்கும் நன்றி. "தீர்க்கதரிசி பேசினால் அதோடு முடிந்தது, மேலே யோசிக்கிறதே பாவம்" என்று ஒருவர் எழுந்தால்?

பாலாற்றங்கரை:
அந்தக் கருத்து 1945 ஜூனில் சபைப் பத்திரிகையிலேயே வந்தது: தலைவர்கள் பேசிவிட்டால் யோசனை முடிந்துவிட்டது என்று. அந்த டிசம்பரிலேயே அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், இது சபையின் நிலைப்பாடு அல்ல என்று வேறு சபைப் போதகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 2012 அக்டோபர் மாநாட்டில் அப்போஸ்தலர் நீல் ஆண்டர்சனும், கோட்பாடு என்பது ஓர் உரையின் மூலையில் ஒளிந்திருப்பதல்ல, பிரதான தலைமையும் (தலைவரும் அவருடைய ஆலோசகர்களும்) பன்னிரு அப்போஸ்தலரும் ஆக 15 பேரும் கற்பிப்பதே என்றார். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஆளை மடக்குவதற்காகச் சொல்லாதீர்கள், அவரும் விசுவாசத்தில்தான் பேசுகிறார்.

ஆரணி அக்கா:
வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு நிமிஷ வீடியோவை மட்டும் வகுப்பில் போட வேண்டாம். 2010 அக்டோபர் மாநாட்டில் அப்போஸ்தலர் பாய்ட் பேக்கர் பேசியதற்கும் அச்சில் வந்ததற்கும் இடையே வார்த்தைகள் மாறின, அதை வைத்து எவ்வளவோ வாக்குவாதம் நடந்தது. அச்சில் வந்த முழு உரையே கையில் இருக்கட்டும். சனிக்கிழமையே இரண்டு பேரிடம் கொடுத்து வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள்: ஒருவர் வேலைக்குப் போகிறவர், ஒருவர் வேலையை விட்டவர். முதலில் அவர்கள் இருவரும் பேசட்டும், அதற்குப் பிறகு நீங்கள்.