தாடை நீர்க்கட்டிக்கு டியூப் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் தங்கை மகனுக்குக் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் பக்கம் பெரிய நீர்க்கட்டி. பயாப்ஸியில் கெரட்டோசிஸ்ட் என்ற வகைத் தாடை நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. ஒரேயடியாக எடுத்தால் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு அடிபடலாம், மெலிந்துபோன தாடை எலும்பு உடையவும் கூடும் என்பதால் முதலில் துளை போட்டு டியூப் வைத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் குறைந்தால் கட்டி மெல்லச் சுருங்கும், சுற்றி எலும்பு வளரும், சில மாதம் கழித்து மிச்சத்தை எடுக்கலாம் என்பது திட்டம். சரி, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

தொல்லை அந்த டியூப்தான். மூக்குவழி உணவு செலுத்தும் குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஈறோடு தைத்திருக்கிறார்கள். மேல்பல் இடித்து இடித்துத் தையல் தளர்ந்து, இப்போது பேசினாலே ஆடுகிறது. கழன்றுவிட்டால் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளுமாம். தினமும் ஊசியில்லாத சிரிஞ்சில் சலைன் ஏற்றிக் கழுவுகிறோம். சோற்றுப் பருக்கை வெளியே வரும்போது பையன் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே!

டியூபைப் பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டிக்கொண்டவர்கள், அதற்குப் பதிலாக அக்ரிலிக்கில் (பல்செட் செய்யும் பிளாஸ்டிக்) துளையில் கழற்றி மாட்டும் அடைப்பான் செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எது நிலைத்தது? கட்டி சுருங்கச் சுருங்க அடைப்பானை அரைத்துக் குட்டையாக்கினார்களா? கழற்றுகிற வகை என்றால் பள்ளிக்கூடப் பையன் ஒழுங்காக மாட்டுவானா என்பதுதான் என் பயம். குழுவில் பல் மருத்துவர்கள் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். கட்டி கரையக் கஷாயம் மட்டும் வேண்டாம், அதைச் சொந்தக்காரர்களே போதுமான அளவு சொல்லிவிட்டார்கள்.