விட்டமின் ஈ போட்டா வீட்ல செஞ்ச க்ரீம் கெடாம இருக்குமா?

கேள்வி:
வணக்கம். கற்றாழை ஜெல், ரோஸ் வாட்டர், பாதாம் எண்ணெய், எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேக்கற எமல்சிஃபையிங் வேக்ஸ் எல்லாம் சேத்து முகத்துக்கு க்ரீம் பண்றேன், பதம் நல்லா வருது. விட்டமின் ஈ கேப்ஸ்யூல் உடைச்சு ஊத்துனா அதுவே ப்ரிசர்வேடிவ்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அதத்தான் போடறேன். இப்ப அக்காவும் கேக்கறாங்க, அவங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும், வெளியில வெச்சா எவ்ளோ நாள் தாங்கும்?

பதில் 1:
தாங்காதுங்க. விட்டமின் ஈ எண்ணெய்ல சிக்கு வாடை வர்றதத் தள்ளிப் போடும், அவ்ளோதான், பாக்டீரியா பூஞ்சை எதையும் அது தடுக்காது. கற்றாழை ஜெல்லே கிட்டத்தட்ட 98 சதவீதம் தண்ணிதான், அதுக்கு மேல ரோஸ் வாட்டர் வேற. வாடை மாறலையே, நிறம் மாறலையேன்னு நம்பாதீங்க, அது தெரியறதுக்குள்ள ஒரு கிராம்ல லட்சக்கணக்குல கிருமி சேந்திருக்கும். சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா ஈரம் இருக்கற எடத்துல சர்வ சாதாரணமா வளரும், நல்ல தோல்ல ஒண்ணும் ஆகாம போகலாம், ஆனா கீறல் இருந்தாலோ கண்ணுல பட்டாலோ ரொம்ப ஆபத்து. அக்காவுக்கு இப்ப குடுக்காதீங்க ப்ளீஸ்.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, நல்லவேளை கேட்டேன். ஃப்ரிட்ஜ்ல வெச்சு டீ ட்ரீ ஆயில் கொஞ்சம் சேத்தா சரியாயிடுமா?

பதில் 2:
ஃப்ரிட்ஜ் வளர்ச்சிய மெதுவாக்கும், நிறுத்தாது. டீ ட்ரீ ஆயில் தோல் தாங்கற அளவு போட்டா கிருமிக்குப் பத்தாது, கிருமிக்குப் பத்தற அளவு போட்டா தோல் எரியும்.

நிறைய பேர் சோடியம் பென்சோயேட்ங்கற ப்ரிசர்வேடிவ வாங்கிப் போட்டுட்டு பிஎச் (அமிலத்தன்மையோட அளவு, எண் கொறைஞ்சா அமிலம் கூடுதல்) பாக்காம விட்டுடறாங்க, எனக்கு அதுதான் பெரிய கவலை. அது பென்சாயிக் அமிலமா இருந்தாத்தான் கிருமியோட செல்லுக்குள்ள நுழைய முடியும், பிஎச் 5ல ஏழுல ஒரு பங்குதான் அப்படி இருக்கும், 6க்குப் போனா நூத்துல ரெண்டு பங்கு கூட தேறாது, அப்புறம் போட்டும் என்ன பிரயோஜனம் சொல்லுங்க. நம்ம தோலோட மேல்பரப்பே லேசான அமிலத்தன்மைதான், சுமாரா 4.5லருந்து 5.5 வரைக்கும், அதனால க்ரீமோட பிஎச்ச இறக்குறது தோலுக்கும் நல்லதுதான். பிஎச் ஸ்ட்ரிப் வாங்கிக்கோங்க, சிட்ரிக் ஆசிட் கரைசல் சொட்டு சொட்டா விட்டுப் பாருங்க.

இதெல்லாம் வேணாம்னா ஃபீனாக்ஸிஎத்தனால்ங்கற இன்னொரு ப்ரிசர்வேடிவ் போடுங்க, பிஎச் தொல்லை கம்மி, ஐரோப்பிய விதிப்படி அதிகபட்சம் 1 சதவீதம், எடை போட்டுத்தான் சேக்கணும், ஸ்பூன் கணக்கு ஆகாது. தனியா அது பூஞ்சைக்குக் கொஞ்சம் வீக், அதுக்குக் கைகொடுக்கற எத்தில்ஹெக்சில்கிளிசரின் கலந்து வர்றதா பாத்து வாங்குங்க.

பதில் 3:
ப்ரிசர்வேடிவே வேணாம்னு இருந்தா தண்ணிய மொத்தமா எடுத்துட்டு எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் உருக்கி பாம் (balm, தண்ணி இல்லாத களிம்பு) பண்ணுங்க, விட்டமின் ஈக்கு அங்கதான் வேலை. ஈரக் கைய மட்டும் டப்பாக்குள்ள விடாதீங்க, அக்காகிட்டயும் இத சொல்லிக் குடுங்க.