லிஃப்ட் போட்ட மஹிந்திரா தாருக்கு எந்த டயர்? மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போடியிலிருந்து:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். வண்டி பழைய தார் சிஆர்டிஇ (டீசல் ஜீப்), இரண்டு இஞ்ச் லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை உயர்த்திப் பாடியைத் தூக்கியிருக்கிறேன். கம்பெனி டயர் 235/70 ஆர்16 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 இஞ்ச்). பட்டன்களுக்கு (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) நடுவே இருக்கும் தேய்மான மேடு வரைக்கும் தேய்ந்துவிட்டது, அதாவது 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த டயரோடு மழையில் போடிமெட்டு இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைக்குப் போனதும் முதல் கேள்வியே "லிஃப்ட் போட்டிருக்கீங்களே, 265/75 போட்டுரலாமா சார்?" என்பதுதான். மட்கார்டுக்குள் காலியாக இடம் தெரிந்தால் எல்லோருக்கும் அதை நிரப்பத்தான் தோன்றும். ஆனால் லிஃப்ட் தூக்குவது பாடியை மட்டும்தான். பின்பக்க ஆக்ஸிலும் அதன் நடுவே தொங்கும் டிஃப்ரன்ஷியல் குண்டும் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) அதே உயரத்தில்தான் இருக்கும், பாறையில் முதலில் இடிபடுவதும் அதுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுக்குத்தான். 235/70 ஆர்16-இன் விட்டம் சுமார் 735 மி.மீ., 245/75 ஆர்16 போட்டால் 774, 265/75 என்றால் 804. ஆக முதலாவதில் ஆக்ஸிலுக்குக் கீழே 19 மி.மீ. கூடும், இரண்டாவதில் 34. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று பாருங்கள்: ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும், மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 109-இல் போய்க்கொண்டிருப்போம், கியர் எல்லாமே கொஞ்சம் நீண்டுபோனது மாதிரி ஆகி ஏற்றத்தில் முதல் கியரிலேயே திணறும், பிரேக்குக்கும் சுமை கூடும். நான் 245/75-இல் ஏடி டயர் (ஆல் டெரைன், ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவானது) போட்டுக்கொண்டேன். மீட்டர் இதிலும் ஐந்து சதவீதம் குறைத்துத்தான் காட்டுகிறது. மைலேஜ் பார்க்கும்போது அதைச் சேர்த்துக் கணக்குப் போடவில்லை என்றால் "டயர் மாத்துனதும் மைலேஜ் போச்சு" என்று வீணாகப் புலம்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பழைய டயரைக் கழற்றியதும் உடனே தூக்கிப் போடாதீர்கள். ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த மாடலுக்கு முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் கம்பி), பல இடங்களில் அதை முறுக்கித்தான் முன்பக்கத்தைத் தூக்குகிறார்கள். அப்போது கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்புறம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) இடம் மாறிவிடும். எனக்கு உள்பக்க ஓரம் மொட்டையாக இருந்தது, வெளிப்பக்கம் பட்டன் நன்றாகவே நின்றது. அலைன்மென்ட்டைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில்தான் தேயும்.

கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? லிஃப்டும் இல்லை, அகல டயரும் இல்லை. பழைய ஜீப்புகளுக்கே உரிய ஒல்லியான டயர், ஆழமான பட்டன், அவ்வளவுதான். அந்தக் கல்லுப் பாதையில் தினமும் ஏறி இறங்குகிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அகல டயர் மோகமே விட்டுப்போயிற்று.

கோவில்பட்டியிலிருந்து:

போடி அண்ணாச்சி சொல்வது கல்லுக்கும் மலைக்கும் சரி. எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். ஐப்பசி மழையில் கரிசல் காட்டுக்குள் ஏடி டயரோடு இறங்கினால் நாலு சுற்றில் பட்டன் இடைவெளி எல்லாம் மண் அடைத்துக்கொண்டு நான்கு டயரும் வழுவழுவென்று ஆகிவிடும். நாலு வீல் டிரைவ் இருந்தும் வண்டி பக்கவாட்டில்தான் போகும், நமக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. எம்டி டயரில் (மட் டெரைன், சேற்றுக்கானது) இடைவெளி பெரிது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துச் சுழற்றினால் மண்ணைத் தானே உதறிவிடும். நான் எம்டி போட்டதற்குக் காரணம் அது ஒன்றுதான்.

ஆனால் அதற்கு உண்டான விலையையும் சொல்லிவிடுகிறேன். நாலு வழிச்சாலையில் 80-ஐத் தாண்டினால் ஊளைச் சத்தம், பாட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் ஏடியைவிடத் தள்ளிப்போய்த்தான் நிற்கும், பழகும்வரை முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மதுரைக்கும் நெல்லைக்கும் ரோட்டிலேயே ஓடுகிற வண்டி என்றால் எம்டி வேண்டவே வேண்டாம். வருடத்தில் சில வாரச் சேற்றுக்காக மீதி நாளெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்கப் பொறுமை வேண்டும். எனக்கு இருக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை.

உடன்குடியிலிருந்து:

எங்களுக்குச் சேறும் இல்லை, பாறையும் இல்லை. தேரி மணல், அதாவது செம்மணல் மேடு. அதில் எம்டி போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் டயர் குழிதான் தோண்டும், ஆக்ஸில் மணலில் உட்கார்ந்ததும் கதை முடிந்தது. மணலில் டயர் மாடலைவிடக் காற்றுதான் முக்கியம். முருங்கைத் தோட்டத்துக்குத் திரும்பும் இடத்திலேயே நிறுத்தி 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுவேன். டயர் கீழே நீளமாகப் படிந்து மணல் மேலே மிதந்து போகும். தார் ரோடு ஏறும் முன் கம்ப்ரஸரில் திரும்ப ஏற்றிவிட வேண்டும், குறைந்த காற்றோடு வேகம் பிடித்தால் சூடேறிச் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) கிழியும்.

அதனால் நீங்கள் அடிக்கடி காற்று இறக்குகிற ஆள் என்றால் சைடுவாலைப் பார்த்து வாங்குங்கள். பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி டயர்களில் சைடுவாலே மூன்று அடுக்கு. அதே சமயம் எல்டி (லைட் டிரக்) என்று போட்ட டயர் எடையும் கூடுதல், சவாரியும் கொஞ்சம் தூக்கிப் போடும். அதே பாரத்தைத் தாங்க ரோட்டில் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றும் கேட்கும், பழைய அளவையே வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கடையில் சைடுவாலில் டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள். 3523 என்றிருந்தால் 2023-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. பெரிய அளவு டயர் எல்லாம் அடிக்கடி விற்காது, கடையிலேயே வருடக்கணக்கில் தூங்கியிருக்கும். எனக்கு அப்படி ஒரு செட்டைத் தள்ளிவிடப் பார்த்தார்கள், எண்ணைக் காட்டியதும் உள்ளே போய் வேறு செட் எடுத்துவந்தார்கள்.

போடியிலிருந்து, மறுபடி:

தேரிக்காரர் சொன்ன காற்று விஷயம் கல்லுக்கும் பொருந்தும், ஆனால் நான் 22-க்குக் கீழே இறக்குவதில்லை, கூர்க்கல்லில் சைடுவால் பிதுங்கி வெட்டு வாங்கும்.

இடுக்கி பக்கம் அடிக்கடி போகிறவர்கள் கவனிக்க: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் குறித்ததை மாற்றி வண்டியைத் திருத்தக்கூடாது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயர் செக்போஸ்டில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் கேட்பார்கள். கம்பெனி அளவை ஒட்டியே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டெப்னியைப் பற்றி யாருமே பேசவில்லையே. நாலு வாங்கிவிட்டு ஐந்தாவதாகப் பழைய 235-ஐயே பின்னால் தொங்கவிடாதீர்கள். காட்டுக்குள் பஞ்சராகி அதை மாட்டி 4எச் (நாலு வீல் டிரைவ்) போட்டால் ஒரு பக்கச் சக்கரம் சிறிது, மற்றது பெரிது, டிஃப்ரன்ஷியல் ஓயாமல் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் சுற்று ஒத்துப்போகாமல் அவற்றுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இறுகும். ஐந்தாகவே வாங்கி ஐந்தையும் மாற்றி மாற்றிச் சுழற்சியில் போடுங்கள். பெரிய டயர் எடை கூடுதல் என்பதால் ஸ்டெப்னி தொங்கும் பிராக்கெட்டின் போல்ட்டையும் அப்பப்போ இறுக்கிப் பாருங்கள்.

மாருதி ஜிம்னிக்கு மாற்றியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். 195/80 ஆர்15-இலிருந்து 215/75-க்குப் போனால் ஏற்றத்தில் இழுவை எவ்வளவு குறைகிறது என்று என் மச்சினன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.