போர்க்காலத்தில் ஊரில் இருந்தவர்கள்: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கேட்டறிந்தவை

ரிச்மண்ட் அருகே வசிக்கும் உறுப்பினர்:

ரிச்மண்ட் கடற்கரையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து உள்நாட்டு வாழ்க்கையை நினைவுகூரும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஒன்று உள்ளது. ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் அவர்களை அங்கே அழைத்துச் செல்வேன். அங்கே வெவ்வேறு நாள்களில் சந்தித்த இருவர் சொன்னவற்றை எழுதுகிறேன். இருவரும் பேசியது ஒரே நகரையும் ஒரே சில ஆண்டுகளையும் பற்றித்தான்.

முதலாமவர், சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் ஐயோவாவிலிருந்து இங்கே வந்து குடியேறிய வெள்ளை இன மூதாட்டி. தொழிலதிபர் ஹென்றி கைசரின் நான்கு கப்பல் தளங்களும் சேர்ந்து போர்க்காலத்தில் 747 கப்பல்களைக் கட்டிய இந்த நகரில், அவருடைய தாயார் இரவுப் பணியில் வெல்டராக இருந்தாராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரேஷன் புத்தகத்தைக் காட்டி, ஒவ்வொரு வில்லையிலும் அச்சிட்டிருந்த பீரங்கி வண்டியையும் விமானத்தையும் என் மகளுக்கு அடையாளம் சொன்னார். வெண்ணெய் கிடைக்காததால் வாங்கிய மார்ஜரின் வெள்ளை வெளேரென்று இருக்குமாம். உடன் வரும் சாயத்தை அதில் கொட்டி, மஞ்சள் நிறம் சீராகப் பரவும்வரை கையால் பிசைவது வீட்டில் அவருடைய பொறுப்பு. சமைத்த கொழுப்பைத் தகர டப்பாவில் வடித்துச் சேர்த்து, வெடிமருந்துக்கான கிளிசரின் எடுப்பதற்காக இறைச்சிக் கடையில் கொடுத்துவிட்டு வருவதும் அவர்தான். போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே தாயாரின் வேலை போய்விட்டது. முதன்முதலாகத் தம் பெயரில் ஊதியம் வாங்கிய அந்தச் சில ஆண்டுகளைப் பற்றித் தாயார் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தாராம்.

இரண்டாமவர், லூசியானாவிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின வெல்டர் ஒருவரின் மகன். பாய்லர்மேக்கர்ஸ் (கொதிகலன் செய்வோர்) தொழிற்சங்கத்தில் சேராமல் தளத்தில் வேலை கிடைக்காது. ஆனால் கறுப்பினத்தவர் சேர முடிந்ததெல்லாம் வாக்குரிமை இல்லாத தனித் துணைச் சங்கத்தில்தான். சந்தா மட்டும் தவறாமல் கட்ட வேண்டும். கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைநகரில் மாபெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்ததன் பின்னரே, பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் ஆணையை அதிபர் ரூஸ்வெல்ட் 1941 ஜூனில் பிறப்பித்திருந்தார். அப்படி ஓர் ஆணை இருந்தும் நிலைமை இதுதான். சாசலிட்டோவில் ஜோசப் ஜேம்ஸ் என்ற தொழிலாளி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 1944இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அவர் பெயரைச் சொல்லும்போது இந்தப் பெரியவரின் குரல் உயர்ந்தது. ஆயினும், லூசியானாவில் கனவிலும் காணாத கூலி இங்கே கிடைத்ததால் தம் தந்தை ரிச்மண்டைக் குறை சொன்னதே இல்லை என்றும் சொன்னார்.

போர்தான் பெண்களை வேலைக்கு அனுப்பியது என்று அந்த மூதாட்டி சொன்னதை அவரிடம் சொன்னேன். தம் குடும்பத்தில் வேலைக்குப் போகாத பெண் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை என்றார். போரின்போது அந்தத் துணைச் சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பிற்காலத்தில் இதே பூங்காவில் ரேஞ்சராகப் பணியாற்றி, 2022இல் நூறு வயதில் ஓய்வு பெற்ற பெட்டி ரீட் சாஸ்கின் அம்மையாரும் பார்வையாளர்களிடம் இதைத்தான் எடுத்துச் சொல்லி வந்தார்.

சான் புரூனோவில் வசிக்கும் உறுப்பினர்:

நண்பர் எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. எங்கள் ஊர் பார்ட் ரயில் நிலையத்துக்கு வெளியே, சட்டையில் எண் அட்டை தொங்க நிற்கும் இரண்டு சிறுமிகளின் சிலை உள்ளது. டோரதியா லாங்க் எடுத்த புகைப்படத்தைக் கொண்டு அது செய்யப்பட்டது. அருகில் இருந்த டான்ஃபோரான் குதிரைப் பந்தய மைதானத்தில்தான் 1942இல், எதிரி நாடான ஜப்பானின் வம்சாவளியினர் என்பதற்காக, ஏறக்குறைய 8,000 ஜப்பானிய அமெரிக்கர்களை மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தனர்.

சிலையருகே ஒரு மாலை சந்தித்த முதியவர், அங்கே குழந்தையாக இருந்தவர். அவருடைய குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு குதிரைக் கொட்டடி. சுவரில் ஒட்டியிருந்த சாணத்தையும் முடியையும் அகற்றாமல் அவற்றின் மேலேயே சுண்ணாம்பு அடித்திருந்தார்களாம். வெயில் ஏறினால் நாற்றமும் ஏறும் என்று அவருடைய அக்கா சொல்வாராம். பின்னர் அவர்களை யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமுக்கு அனுப்பினர். இவ்வாறு மேற்குக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட சுமார் 1,20,000 பேரில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்க 1988இல்தான் சட்டம் வந்தது. அவருடைய பெற்றோர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

நான் இந்தியன் என்று அறிந்ததும், அக்காலத்தில் ஆசியரான தம் பெற்றோரைப் போலவே இந்தியரும் இங்கே குடியுரிமை பெற இயலாது என்பதை நினைவூட்டினார். நமக்கு அது 1946இல்தான் கிடைத்தது. இங்கே பல ஆண்டுகளாக வாழ்ந்தும், ஒரு முதியவர் சொல்லித்தான் அதை அறிந்துகொண்டேன்.

கான்கார்ட் உறுப்பினர்:

ரிச்மண்டில் கட்டிய கப்பல்களுள் ஒன்றான இ. ஏ. பிரையன், எங்கள் ஊருக்கு வடக்கே போர்ட் சிகாகோவில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது 1944 ஜூலை 17 இரவு வெடித்துச் சிதறியது. இறந்த 320 பேரில் 202 பேர் கறுப்பின மாலுமிகள். வெடிமருந்து ஏற்றியவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். மேலதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். முறையான பயிற்சி இல்லாமல் மீண்டும் வெடிமருந்து ஏற்ற மாட்டோம் என்றவர்களில் 50 பேருக்குக் கலகக் குற்றம் சாட்டித் தண்டனை விதித்தனர். அந்த இடம் இன்றும் இராணுவ வளாகத்துக்குள் இருப்பதால், முன்பதிவு செய்துதான் போக முடியும். அவசியம் போய்ப் பாருங்கள். எங்களுடன் வந்திருந்த ஒருவர், தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் தம் உறவினர் என்றும், அவர் அந்த வழக்கைப் பற்றித் தம் பிள்ளைகளிடம்கூட வாய் திறந்ததில்லை என்றும் சொன்னார். கடற்படை அவர்கள் அனைவரையும் குற்றத்திலிருந்து விடுவித்தது 2024 ஜூலை 17 அன்று.

பக்கத்து ஊரான பிட்ஸ்பர்கில் குடியுரிமை பெறாத இத்தாலிய மீனவக் குடும்பத்தினரையும் 1942 தொடக்கத்தில் கரையோரத்தை விட்டு வெளியேற்றினர். அவர்கள்மீது இருந்த கட்டுப்பாடுகள் அதே ஆண்டு அக்டோபரில் நீக்கப்பட்டன. டோபாஸ் முகாமில் இருந்தவர்கள் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தனர்.

அதே 1942இல் ஒப்பந்தம் போட்டு வயல் வேலைக்கு அழைத்து வரப்பட்ட மெக்சிகோ தொழிலாளர்களின் குடும்பத்தினரை, ஃப்ரெஸ்னோ, ஸ்டாக்டன் பக்கம் வசிக்கும் உறுப்பினர்கள் சந்தித்திருக்கக்கூடும். அவர்கள் சொன்னவற்றையும் இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன்.